நின்றால்தான் கனம்

காரவள்ளியில் காலை ஆறு மணிக்குக் கிடைக்கும் டீயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சூடாக இருக்கும், சர்க்கரை தூக்கலாக இருக்கும். ஆனால் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தால் கொல்லிமலை எதிரே சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. அதில் பாதை எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மரங்களுக்குள் எங்கேயோ ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் மட்டும் கேட்கும். முதலில் இடப்பக்கம் கேட்கும், சற்று நேரத்தில் வலப்பக்கம், பிறகு மறுபடி இடப்பக்கம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே. பாதை எப்படி வளைகிறது என்பதைக் காதாலேயே கோடு போட்டுப் பார்த்துவிடலாம்.

மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய போர்டு உண்டு. 1/70, 2/70 என்று தொடங்கி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மேட்டு நிலத்தில் கொண்டுபோய் விடும். நாமக்கல் வட்டாரத்துக்காரர்களுக்கு இது வீட்டுக்குப் போகிற வழி. என்னைப் போல ஊரிலிருந்து பெரிய பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது வேறு.

என் வண்டி கவாஸாகி வெர்சிஸ் 1000, செகண்ட் ஹேண்ட். நான்கு சிலிண்டர், 1,043 சிசி, டேங்க்கில் 21 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். டேங்க்கை நிரப்பி, பின்னால் பக்கத்துக்கு ஒரு பெட்டி மாட்டி, இரண்டு நாள் துணியைத் திணித்தால் எடை 270 கிலோவை நெருங்கும். இதை வாங்கின நாளிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை குறைந்திருக்கிறது. சென்னையில் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால், ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கி வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி முழங்காலில் அனல் அடிக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, “இதுல முட்டையை ஊத்தினா ஆம்லெட்டே போட்டுடலாம்” என்பாள். ஆட்டோக்களுக்கு நடுவே நுழைய முடியாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணுக்கும் காருக்கும் நடுவே பின்னுக்குத் தள்ளி எடுப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். நகரத்துக்கு இது துளியும் ஒத்துவராத வண்டி. மறுப்பதற்கில்லை.

எதற்கு இதை வைத்திருக்கிறேன் என்பதற்கான பதில் காரவள்ளியில்தான் தொடங்குகிறது.

இடது வளைவு, வலது வளைவு

நம் ஊரில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் மலையில் வலப்பக்கம் திரும்புகிற கொண்டை ஊசி நமக்கு வெளி வட்டமாக அமையும். தாராளமாக இடம் கிடைக்கும். வண்டியைக் கொஞ்சம் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடித்தால் போதும், அதுவே போய்விடும். இடப்பக்கம் திரும்புகிற வளைவுதான் வினை. அது உள் வட்டம். ரொம்பக் குறுகல், ஏற்றமும் அங்கேதான் செங்குத்து. பெரிய பைக்குக்காரர்களின் கண்ணாடியும் லீவரும் உடைகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

இடது வளைவுக்கு ஒரு முறை இருக்கிறது. முதல் கியர், பாதி பிடித்த க்ளட்ச், பின்பிரேக்கில் லேசான மிதி. முன்பிரேக்கை அந்த நேரத்தில் தொடவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கழுத்து. தலையை இடத்தோளுக்கு மேல் முழுசாகத் திருப்பி, வளைவு முடிந்து பாதை மேலே போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, பள்ளத்தைப் பார்க்கக் கூடாது, எதிரே வருகிறவனைப் பார்க்கவே கூடாது. கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். இது ஏதோ தத்துவம் என்று நினைக்க வேண்டாம். சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது கம்பத்தைப் பார்த்துப் பார்த்தே கம்பத்தில் மோதியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் விழுந்தேன்.

எத்தனையாவது வளைவு என்று கேட்காதீர்கள். போர்டைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. இடது வளைவு, பாதி திரும்பிவிட்டேன். மேலேயிருந்து ஒரு ஜீப் நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. அகலம் போதாத மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே இது எழுதியிருக்கிறது. அந்த ஜீப்புக்காரர் அதைப் படித்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தப்பு என்னுடையது. நான் ஜீப்பைப் பார்த்தேன். கண் போன வழியே கை போய் முன்பிரேக்கைப் பிடித்தது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி உள்பக்கமாகப் படுக்கும். இடது காலை ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் தரை இல்லை. அதாவது இருந்தது, நான் எதிர்பார்த்ததைவிட அரை அடி கீழே.

வேகம் பூஜ்யம். ஆள் பார்க்க, நிதானமாக, பெரிய மாடு படுக்கிற மாதிரி வண்டி சாய்ந்து படுத்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெட்ரோல் வாசனை. கில் ஸ்விட்சை அழுத்தினேன். ஜீப் போய்விட்டிருந்தது.

பின்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை கோழித்தீவனம், பின்னால் இரண்டு மூட்டை. மூட்டைகளுக்கு நடுவே இருந்து எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை.

“ஏனுங்க, அடி கிடி பட்டுச்சுங்களா?”

“இல்லைங்க.”

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “ஒத்தையாளு எடுக்க முடியாதுங்க இது. இருங்க.”

விழுந்த பைக்கை எடுப்பதற்கு ஒரு வழி சொல்லித் தருவார்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில், மறுகையில் பின்கம்பியைப் பிடித்து, காலால் பின்னோக்கி நடந்து தள்ள வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் பின்கம்பியைப் பிடித்துவிட்டார். நானும் பிடித்தேன், தம் கட்டினோம், வண்டி நின்றது. க்ளட்ச் லீவரின் நுனிக் குமிழ் உடைந்து விழுந்திருந்தது, இடது கண்ணாடி திரும்பியிருந்தது. லீவர் நுனியில் உடையும்படிதான் செய்திருப்பார்கள். மிச்சமிருந்த கட்டையை இரண்டு விரலில் பிடித்து ஓட்டலாம்.

அவர் எக்ஸ்எல்லில் ஏறினார். கியர் கிடையாது, க்ளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். இஞ்சின் கதறியது. நான் விழுந்த அதே உள்வட்டத்தில், மூன்று மூட்டையோடு, தலையைக்கூடத் திருப்பாமல் போய்விட்டார்.

எடை எங்கே போகிறது?

அவர் போன பிறகு அந்த வளைவின் ஓரக்கட்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்க வேண்டும் அல்லவா. அப்போது பழைய பிளஸ் டூ இயற்பியல் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு வண்டி வளைவில் எத்தனை டிகிரி சாய வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால் கிடைப்பதுதான் சாய்வுக்கோணத்தின் டேன்ஜென்ட். பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 20 கிலோமீட்டரில் எடுத்தால் ஏறக்குறைய 17 டிகிரி சாய வேண்டும். 30 கிலோமீட்டரில் எடுத்தால் 35 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, சாய்வு இரண்டு மடங்காகிவிட்டது. புதிதாக ஓட்டுகிறவர்கள் மலையில் பயப்படுவதற்குக் காரணம் இதுதான்: கொஞ்சம்தானே வேகம் கூடியது, ஏன் இவ்வளவு சாய்கிறது என்று மனசு கேட்கும்.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொன்று இருக்கிறது, இல்லாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எடை. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் எடை வந்து அடிபட்டுப் போகிறது. டயர் அகலத்தால் வரும் சின்ன வித்தியாசத்தை விட்டுவிட்டால், 90 கிலோ எக்ஸ்எல்லும் 270 கிலோ வெர்சிஸும் ஒரே வளைவை ஒரே வேகத்தில் எடுக்கும்போது ஒரே கோணத்தில்தான் சாயும். ஓடிக்கொண்டிருக்கிற வரை அந்தப் பெரியவருக்கும் எனக்கும் பேதம் இல்லை. நின்ற கணத்தில் 270 கிலோவும் வந்து என் இடது காலில் உட்கார்ந்துகொள்கிறது.

பெரிய டூரிங் பைக்கில் மலை ஏறுகிற சுகம் என்று நான் நினைப்பது இந்த மாயத்தைத்தான். கீழே பார்க்கிங்கில் ஒரு அடி நகர்த்த முடியாமல் முக்கிய அதே இரும்பு, இங்கே உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் சாய்கிறது, விட்டால் நிமிர்கிறது. எடை கரைந்து போகிற அந்த உணர்வு லேசான வண்டியில் கிடைக்காது. கரைவதற்கு அதில் ஏது எடை?

அழுத்துவது என்றேன். இடப்பக்கம் போக ஹேண்டிலின் எந்தப் பக்கத்தை அழுத்த வேண்டும் தெரியுமா? இடப்பக்கத்தையே. அதாவது முன்சக்கரத்தை ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறோம். சக்கரம் வலப்பக்கம் நழுவ, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. நகர்கிற வேகத்தில் எல்லா இருசக்கர வண்டியும் இப்படித்தான் திரும்புகிறது, ஓட்டுகிறவருக்குத் தெரியாமலேயே. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். சைக்கிள் ஓட்டும் பலரிடம் “இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள்?” என்று வில்பர் ரைட் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவராலும் முழுசாகச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. லேசான வண்டியில் இது தெரியாமலே காலம் தள்ளலாம். பெரிய வண்டி ஒத்துக்கொள்ளாது. உடம்பைச் சாய்த்துக் கெஞ்சினால் கேட்காது, கையால் அழுத்திச் சொன்னால் உடனே கேட்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

கனம் நின்றால்தான் என்பதைத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1974-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா தன் கோல்ட் விங்கைக் காட்டியது. 999 சிசி, நான்கு சிலிண்டர்களும் இருபக்கமாகப் படுத்திருக்கும் இஞ்சின். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் எடை தாழ்வாக இருக்கும், சாய்ந்து நிமிர சுளுவு. பிஎம்டபிள்யூ 1923-லேயே பிடித்துக்கொண்ட வழி அது. கோல்ட் விங் வளர்ந்து வளர்ந்து, 1988 மாடலில் ஆறு சிலிண்டர் ஆனபோது, மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கொடுத்துவிட்டார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ஓட்டத் தெரிந்தவனுக்கும் தள்ள முடியாது என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

நம் பக்கத்து டூரிங் பைக் என்றால் புல்லட்தான். 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. அப்பாவிடம் இருந்த புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அதில்தான் போவோம். இருபது வளைவுகள். நான் டேங்க் மேல், அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் தூக்குவாளி. வளைவில் அப்பா சாய்த்தால் அம்மா எதிர்ப்பக்கம் சாய்வாள், “விழுந்துடப் போகுது” என்று. வண்டி குழம்பும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், பல்லைக் கடித்துக்கொள்வார். பின்னால் உட்காருகிறவர்களிடம் இப்போது நான் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறேன்: வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தோளுக்கு மேல் எட்டிப் பாருங்கள். சாயுங்கள் என்று சொன்னால் பயப்படுவார்கள். பார்க்கச் சொன்னால் தானாகச் சாய்வார்கள்.

ஓரியின் அம்பு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைக் கொன்று, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூறு சொல்கிறது. மலையில் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: ஐந்து இலக்கு, ஒரே கோடு. பைக்கர்கள் ‘லைன்’ என்று சொல்வது இதைத்தான். ஒரு வளைவிலிருந்து வெளியே வருகிற இடம் அடுத்த வளைவுக்குள் நுழைகிற இடமாக இருக்க வேண்டும். நடுவில் பிரேக் பிடித்து, திருத்தி, மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. ஐந்து வளைவை ஒரே மூச்சில் கோக்க வேண்டும்.

உண்மையில் கொல்லிமலை அதற்கு இடம் கொடுக்காது. அங்கே ஒவ்வொரு வளைவும் தனித்தனிப் பரீட்சை. கோர்வை வேண்டுமென்றால் வால்பாறைக்குப் போக வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணை வரை புளியமர நிழல். வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம், நாற்பது கொண்டை ஊசிகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட், பாதை போட்ட காலத்து ஆங்கிலேயர் ஒருவரின் பெயர். கீழே அணை நீர் தட்டில் ஊற்றின மாதிரி கிடக்கும். வரையாடுகள் அங்கே தடுப்புச் சுவர்மேல் சர்வசாதாரணமாக நிற்கும். ஒருமுறை இஞ்சினை அணைத்துவிட்டு நின்றேன். நான்கடி தூரத்தில் ஒரு பெண் ஆடு, குட்டியோடு. வாய் அசைபோடுகிறது, என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த நேரம் பார்த்து சைலன்சரை மாற்றிய நாலைந்து பைக்குகள் வெடித்துக்கொண்டு ஏறின. ஆடு தாவிப் பாறையிடுக்கில் மறைந்தது, குட்டி ஒரு கணம் திகைத்து நின்று பின்தொடர்ந்தது. புலிகள் காப்பகத்துக்குள் பட்டாசு கொளுத்திக்கொண்டு போவதை ரைடிங் என்று சொல்லிக்கொள்ள இவர்களுக்கு எப்படி வாய் வருகிறதோ. என் வண்டியும் பெரியதுதான், அதனால் ஊர்க்காரர்கள் எங்கள் எல்லோரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

அட்டகட்டி தாண்டி, தேயிலைக்கு நடுவே போகும் பாதைதான் வால்பாறையின் உண்மையான விருந்து. கொண்டை ஊசி மாதிரி ஒடிந்து திரும்பாது. நீளமாக, சோம்பலாக வளையும். மூன்றாவது கியர், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகம், பிரேக்கே தேவைப்படாது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் வண்டி உள்ளே இறங்கும், கொஞ்சம் கொடுத்தால் நிமிர்ந்து வெளியே வரும். இடம், வலம், இடம். ஊஞ்சல் ஆடுகிற தாளம் உடம்புக்குள் வந்துவிடும். பச்சை ஒருபக்கம் எழும்பி மறுபக்கம் சரியும். வளைவில் மஞ்சு திரண்டு நிற்கும், நுழைந்தால் ஹெல்மெட் கண்ணாடியில் பொடிப்பொடியாக ஈரம், வெளியே வந்தால் வெயில். தேயிலைத் தொழிற்சாலையின் வறுத்த வாசனை சில திருப்பங்களில் மட்டும் வரும். காரில் வந்தால் இது கிடையாது. சின்ன பைக்கில் உண்டு, ஆனால் அதே நாளில் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்தவனுக்கு இதை ரசிக்க இடுப்பு மிச்சமிருக்காது. டூரிங் பைக்கின் அகலச் சீட்டும் காற்றுத்தடுப்பும் அதற்குத்தான்.

இந்தப் பாதையின் ராஜா நாங்கள் யாரும் இல்லை, அரசு பஸ் டிரைவர். கொண்டை ஊசியில் அவருக்கு முழு ரோடும் வேண்டும். ஹாரன் அடித்துவிட்டு வெளி ஓரம்வரை மூக்கை நீட்டி, ஸ்டீயரிங்கை மடக்கி, பின்சக்கரம் உள்கட்டையை உரசாமல் விரல் அளவு இடைவெளியில் திருப்புவார். அவர் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும், வளைவுக்குள் நிற்கக் கூடாது. வால்பாறை பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என் வண்டியைப் பார்த்து, “எறங்குறப்ப எந்த கியர்ல எறங்குவீங்க?” என்றார். மூன்று என்றேன். “ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி. பிரேக்க நம்பி எறங்கினவன் பாதில நிப்பான், இல்லன்னா நிக்கவே மாட்டான்.” தொடர்ந்து பிடித்த பிரேக்கில் ஆயில் சூடேறிக் கொதித்தால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அவர் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு டீயை முடித்தார்.

சோளக்காடு

கொல்லிமலையில் மிச்ச வளைவுகளைக் கட்டை லீவரோடு ஏறி முடித்தேன். விழுந்த பிறகு நன்றாகவே ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பயம் கழுத்தைச் சரியான பக்கம் திருப்பி வைத்தது. கொல்லிப்பாவை சிரித்து மயக்கி ஆளைக் கொல்வாள் என்ற பழைய கதை இந்த மலையில்தான் பிறந்தது. எழுபதாவது வளைவைத் தாண்டியதும் நான் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன், தனியாக.

சோளக்காடு சந்தையில் பலாப்பழம் மலைமலையாகக் குவிந்திருந்தது. மிளகு, அன்னாசி, மலைவாழை. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில் எப்போதும் ஒரு கவனம் வேண்டும்: மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்தினால் தொலைந்தோம், பின்னுக்கு இழுக்க என் வண்டியில் ரிவர்ஸ் இல்லை. சமதளம் தேடி நிறுத்தினேன்.

எக்ஸ்எல்காரர் அங்கே இருந்தார். தீவனத்தை இறக்கிவிட்டு, இப்போது பலாப்பழம் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு பழம், சைக்கிள் டியூபால் இறுக்கி. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வந்துட்டீங்களா. ஒருக்கா உக்காந்து பாக்கட்டுங்களா?”

உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் எட்டவில்லை, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். ஹேண்டிலைப் பிடித்தார், உடைந்த லீவரைத் தடவிப் பார்த்தார், டேங்க்கைத் தட்டினார். முன்னால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பாதை இறங்குகிற பக்கம். பிறகு ஜாக்கிரதையாக இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“சீட்டு நல்லா மெத்துனு இருக்குதுங்க” என்றார். பின்பெட்டிகளைக் கண்ணால் அளந்தார். “பலாப்பழந்தான் வெக்க முடியாது போலிருக்குதுங்களே.”